சிவபுரம் நடராசர்: அசலும் நகலும்

விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் நகல்களை, நகல் என்று தெரிந்தே வாங்கிச் சேர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் நகலையே அசல் என்று நம்ப வைத்தால் என்ன ஆகும்? இதற்குத் தஞ்சைப் பகுதியிலேயே ஒரு வரலாறு உண்டு.

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951-ஆம் ஆண்டு நிலத்தைத் தோண்டியபோது சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் 10-ஆம் நூற்றாண்டு நடராசரும் ஒன்று. 1954-இல் பழுதுபார்க்க ஒரு சிற்பியிடம் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்ததோ நகல். ஊர் மக்கள் பல ஆண்டுகள் அதைத்தான் வணங்கினர். 1965-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட் தம் நூலில் இதைச் சுட்டிக்காட்டினார்.

அசலோ கைமாறி வெளிநாடு போயிற்று. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் அதைச் சுமார் 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-இல் உடன்பாடு ஏற்பட்டு, 1986-இல் சிலை இந்தியா திரும்பியது.

பக்கத்திலுள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருவம் செய்து, களிமண் அச்சில் வார்க்கிறார்கள். பழைய சிலையைப் பார்த்துச் செய்தாலும் புதியது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சிவபுரத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு சொல்தான்.