சொற்செயலியின் முகப்பும் எழுதுவோர் உரிமையும்

சொற்செயலியைத் திறந்தவுடன் திரை எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் மென்பொருளை ஆக்கியோரா, எழுதுவோரா? இவ்வினா தனிக்கணனியின் தொடக்க காலத்திலேயே எழுந்ததாகும்.

1978இல் அமெரிக்காவின் மைக்ரோபுரோ நிறுவனம் வெளியிட்ட வேர்ட்ஸ்டார் மென்பொருளை எழுதியவர் றொப் பார்னபி. அதன் கட்டளைப் பட்டிகள் திரையின் மேற்பகுதியை நிரப்பி நின்றன. புதிதாகப் பயில்வோர்க்கு அவை துணை, தேர்ந்தோர்க்கோ இடையூறு. ஆதலின், உதவியின் அளவு 0 முதல் 3 வரை நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. கட்டளைகளை மனனஞ் செய்தவர் படியைக் குறைத்து, எழுத்துக்குரிய இடத்தைப் பெருக்கிக்கொண்டார்.

மைக்ரோசொவ்ற் வேர்டின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு வேறு வழியிற் சென்றது. பழைய பட்டிகள் நீங்க, ‘றிபன்’ எனும் அகன்ற பட்டை அவ்விடத்தைப் பெற்றது. பழைய அமைப்புக்கு மீளும் தெரிவு அதில் வழங்கப்படவில்லை. பல்லாண்டு பழகியோரும் மீண்டும் பயில்வோராயினர்.

2010இல் தோன்றிய லிப்ரே ஒவ்விஸ், 2019இல் வெளிவந்த 6.2 பதிப்பில் இரண்டிற்கும் இடமளித்தது. பழைய பட்டியையோ புதிய பட்டையையோ எழுதுவோரே தெரிவு செய்யலாம். அடுத்தமுறை திறக்கும்போதும் அத்தெரிவே நிலைக்கும்.

கருவியின் வளர்ச்சியை வசதிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. பயில்வோரும் தேர்ந்தோரும் ஒரு தன்மையர் அல்லர் என்பதை உணர்ந்து, இருசாரார்க்கும் உரிமை நல்குவதே உண்மையான வளர்ச்சி எனலாம்.