நாய்களும் சமையற் சம்பாரங்களும்

மனிதனுடைய அடுப்பங்கரையை அண்டி வாழும் பிராணிகளுள் நாய் நெடுங்காலத்துத் துணையாயினும், அஞ்சறைப்பெட்டியில் உள்ள சரக்குகள் யாவும் அதன் சரீரத்துக்கு ஒத்துக்கொள்வன அல்ல. மஞ்சள், சீரகம், இஞ்சி ஆகியவை உணவில் சிறிதளவு கலந்திருப்பதால் பெரும்பாலும் தீங்கில்லை. மிளகும் மிளகாயும் வாயையும் இரைப்பையையும் எரித்து, வாந்திபேதியை உண்டாக்குமேயன்றி, உயிருக்கு உலை வைப்பது அரிது. காரத்துக்கு அஞ்சி அவற்றை விலக்கும் வீட்டாரே, மெய்யாக அஞ்சவேண்டிய பொருளைத் தாராளமாகப் போட்டுவிடுவதுதான் விந்தை.

அப்பொருள் வெங்காயம். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு என ஒரே குலத்தைச் சேர்ந்த இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள், நாயின் இரத்தத்திற் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்து, சிவப்பணுக்களுக்குள் அதைச் சிறு உருண்டைகளாகத் திரளச் செய்கின்றன. 1890-இல் இவ்வுருண்டைகளை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ஸின் பெயரால் இவை வழங்குகின்றன. இவை தோன்றிய அணுக்கள் விரைவில் அழிந்துபோக, சோகை மூளுகிறது. வெங்காயம் ஊட்டிய நாய்களுக்குச் சோகை உண்டாவது 1930-இலேயே அமெரிக்காவில் பிரசுரமாயிற்று. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை உண்டாலே இரத்தத்தில் கேடு தெரியத் தொடங்கும். 10 கிலோ எடையுள்ள நாய்க்குப் பெரிய வெங்காயம் ஒன்றிரண்டே போதும். ஜப்பானிய இனங்களான அகிட்டா, ஷிபா ஆகியவற்றுக்கு இதைத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு.

வேகவைத்தாலும், வதக்கினாலும், உலர்த்திப் பொடித்தாலும் இவ்விஷம் நீங்குவதில்லை. ஆதலால் சாம்பார் பிசைந்த சோற்றிலிருந்து வெங்காயத்தை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு நாய்க்கு வைப்பதும் போதாது, சாரம் குழம்பில் இறங்கியிருக்கும். ஈறு வெளுத்தல், மூச்சு வாங்குதல், சிறுநீர் செம்பழுப்பாதல் ஆகிய குறிகள் பெரும்பாலும் சில நாள் சென்றே தோன்றுவதால், அதற்குள் வீட்டார் பழைய சோற்றை மறந்து அன்றன்று உண்டதையே சந்தேகிப்பது இயல்பு.

பாயசத்துக்கு மணமூட்டும் சாதிக்காயில் மிரிஸ்டிசின் என்னும் பொருள் உண்டு. பலகாரத்தில் விழும் சிட்டிகையால் கெடுதல் நேராது, ஆனால் முழுக்காயைக் கடித்துத் தின்றால் நெஞ்சு படபடப்பும் மதிமயக்கமும், சிலவேளை வலிப்பும் நேரிடலாம். உப்பும் மிகுந்தால் விஷமே.

வெங்காய விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. நாய் அதை மிகுதியாகத் தின்றது தெரிந்தால், குறிகள் தோன்றட்டும் என்று காத்திராமல், வாந்தி எடுக்கச் செய்வது பயன்தரக்கூடிய முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டு நாய்க்கென்று சோறு ஒதுக்குவோர், குழம்பு ஊற்றுவதற்கு முன்பே ஒதுக்கிவிடுவது நலம்.