கணவாய்க்கு அப்பால் தமிழ் படித்த சாமியார்

வடக்கன்குளம் என்று சொன்னால் எங்க பக்கத்து ஆட்களுக்கு மூணு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு காத்து. ரெண்டாவது, ஊர் நடுவில் நிற்கிற பெரிய கோயில். மூணாவது தேவசகாயம் பிள்ளை. நாலாவதாக ஒருத்தர் ஞாபகம் வரணும். பெரும்பாலும் வருவதில்லை. அவரைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் வழி சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் இருந்து கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ஆரல்வாய்மொழி வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையும் வாழையுமாக இருக்கும். எங்களுக்கு ரெண்டு மழையும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ரெண்டு பூ நெல்லும் உண்டு. கணவாயைத் தாண்டினால் பூமி நிறம் மாறிவிடும். பனை, முருங்கை, உடைமரம், வரிசை வரிசையாகக் காற்றாலை. தென்மேற்கு மழையை மலை தடுத்துவிட, மிச்சக் காத்து மட்டும் கணவாய் வழியாக அந்தப் பக்கம் போகிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் இதுதான் எல்லையும்கூட. இந்தப் பக்கம் திருவிதாங்கூர், அந்தப் பக்கம் திருநெல்வேலி ஜில்லா. ஆரல்வாய்மொழியில் சுங்கச்சாவடி இருந்தது.

இந்த எல்லையைத் தாண்டி 1745-இல் போனவர்தான் நட்டாலத்து நீலகண்டபிள்ளை. மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தவர் கடல் தாண்டி வந்தவர். 1913-இல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஊர்காவற்றுறை, கரம்பொன் கிராமத்தில் பிறந்தவர். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர். தனிநாயகம் என்பது பின்னால் அவரே சேர்த்துக்கொண்டது. தனிநாயகம் அடிகள் என்றால் உங்களில் சில பேருக்காவது தெரியும்.

அவர் படித்தது யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான், நம்ம ஊர் காலேஜ் இல்லை. 1850-இல் தொடங்கின கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. வெள்ளைக்காரச் சாமியார்கள் நடத்தினார்கள். 1923-இல் இருந்து 1930 வரைக்கும் அங்கே படித்தார். ஆங்கிலவழிப் படிப்பு. பிறகு கொழும்பில் குருமடம், அதற்குப் பிறகு ரோமாபுரி. 1938-இல் குருப்பட்டம். அவர் அங்கே ஆராய்ச்சிக்கு எடுத்தது பழைய கார்த்தேஜ் நகரத்துக் குருமார்களைப் பற்றி. கார்த்தேஜ் என்றால் ஆப்பிரிக்காவின் வடகரை. எவ்வளவு தூரம் போய்விட்டார் பாருங்க.

லத்தீன், இத்தாலியன், ஆங்கிலம் எல்லாம் கைவந்தாச்சு. தமிழ் மட்டும் முறையாகப் படித்ததில்லை. தாய்மொழி, வீட்டில் பேசின மொழி. ஆனால் இலக்கணம், இலக்கியம் என்று ஒரு வாத்தியார் முன்னால் உட்கார்ந்து படித்தது கிடையாது. அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளில் படித்த நிறைய பிள்ளைகளின் நிலைமை இதுதான். பள்ளி அவர்களுக்கு உலகத்தைத் திறந்துவிட்டது, வீட்டு வாசலைச் சாத்திவிட்டது.

1940-இல் வடக்கன்குளம் புனித தெரசா பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியராக வந்தார். இருபத்தேழு வயசு. ரோமில் படித்த சாமியார் என்று ஊரில் மரியாதைக்குக் குறைவிருக்காது. பூசை வைக்க, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அவருக்குத் தெரிந்த தமிழே போதும். ஆனால் அவர் செய்தது வேற. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்கிற பண்டிதரிடம் மாணவனாகப் போய்ச் சேர்ந்தார். நாலு வருஷம் சங்க இலக்கியம், இலக்கணம் எல்லாம் பாடம் கேட்டார்.

இதன் கனம் தெரியணும் என்றால் அந்த ஊரின் பழைய கதை ஒன்று தெரிந்திருக்கணும். வடக்கன்குளம் கோயிலை 1872-இல் கட்டி முடித்தபோது பலிபீடத்தில் இருந்து இரண்டு கையாகப் பிரிகிற மாதிரி கட்டினார்கள். ஒரு கை வெள்ளாளருக்கு, மற்றக் கை நாடார் முதலான மற்றவர்களுக்கு. கால்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொல்வார்கள். 1910-இல் நடுவில் இருந்த தடுப்பை இடித்தார்கள். தடுப்பு வேணும் என்று ஒரு தரப்பு கோர்ட்டுக்குப் போய், கடைசியில் தோற்றது. அது நடந்து முப்பது வருஷம்தான் ஆகியிருக்கிறது. அப்படிச் சுவருக்காக வழக்காடின ஊரில்தான் கழுத்துவரை அங்கி போட்ட கத்தோலிக்கச் சாமியார் ஒரு பிராமணப் பண்டிதர் முன்னால் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். இதுவும் ஒரு சுவர் விழுந்த கதைதான். சத்தமில்லாமல் விழுந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

1945-இல் வடக்கன்குளத்தை விட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வாத்தியாராக இல்லை, மறுபடியும் மாணவனாக. தமிழில் எம்.ஏ., அதற்குப் பிறகு எம்.லிட். ஆராய்ச்சிக்கு எடுத்த பொருள் சங்கப் பாட்டில் இயற்கை. முன்னால் கார்த்தேஜ், இப்போ குறிஞ்சியும் முல்லையும் மருதமும். ஆராய்ச்சி ஆங்கிலப் புத்தகமாக வந்து வெளிநாட்டு அறிஞர்கள் கைக்குப் போனது.

நான் விவசாயி, இலக்கியம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒண்ணு எனக்குத் தோன்றும். ஐந்திணையை ஒரே நாளில் கண்ணால் பார்க்கணும் என்றால் இந்த முனையை விட்டால் வேற இடம் கிடையாது. காலையில் மகேந்திரகிரி அடிவாரம், மத்தியானம் நாஞ்சில் வயல், சாயங்காலம் மணக்குடிக் கடற்கரை. காடும் மலையும் தண்ணி இல்லாமல் காய்ந்தால் பாலை எப்படி இருக்கும் என்று தெரியணுமா, ஆனி ஆடியில் முப்பந்தலில் பத்து நிமிஷம் நின்று பாருங்க. அஞ்சு வருஷம் இங்கே இருந்த மனுஷன் அந்தப் பொருளைக் கையில் எடுத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலை பெரிசு. 1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம். 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்கிற ஆங்கில இதழ். ஐரோப்பாவில் ஊர் ஊராக நூலகங்களில் தமிழைத் தேடினார். 1554-இல் லிஸ்பனில் அச்சான ஒரு ஜெபப் புத்தகம், தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்தது, அவர் கண்டு உலகத்துக்குச் சொன்னது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் புதுசாகக் கிறிஸ்தவர்கள் ஆன காலத்துப் புத்தகம். இன்றைக்குப் பிள்ளைகள் வாட்ஸப்பில் 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடிக்கிறதைப் பார்த்து நாம சலித்துக்கொள்கிறோம். நானூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே லிஸ்பன்காரன் அதைச் செய்தாச்சு. கொல்லத்தில் 1578-இல் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' பற்றியும் எழுதினார். 1679-இல் அம்பழக்காட்டில் அச்சான புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் மலேசியாவில் மறுபடி அச்சேற்றினார். ரோமில் படித்த லத்தீனும் இத்தாலியனும் இங்கே தமிழுக்கு உழைத்தது. பள்ளிப் படிப்பு வீண் போகவில்லை, சுற்றி வந்து சேர்ந்தது.

1964 ஜனவரியில் டெல்லியில் உலகத்துக் கீழ்த்திசை அறிஞர்கள் கூடினபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். அதில் அடிகளுக்குத் தோள் கொடுத்த முக்கியமான ஆள் எங்க வடசேரிக்காரர், வ. அய். சுப்பிரமணியம். பின்னால் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். கணவாய்க்கு அந்தப் பக்கம் தமிழ் படித்தவரும் இந்தப் பக்கம் பிறந்தவரும் சேர்ந்து செய்த காரியம். முதல் மாநாடு 1966 கோலாலம்பூர், அடுத்தது 1968 சென்னை, 1970 பாரிஸ், 1974 யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணம் அவருடைய சொந்த மண், படித்த ஊர். 1974 ஜனவரி 10 இரவு, மாநாட்டின் கடைசிப் பொதுக்கூட்டத்தில் போலீஸ் புகுந்தது. கூட்டம் சிதறி ஓடினது, மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். தமிழ் ஆராய்ச்சி கேட்க வந்த சனங்கள். ஊர் ஊராகப் போய் மாநாடு நடத்தினவருக்கு அவருடைய ஊரில் கிடைத்தது இது.

1980 செப்டம்பர் 1-இல் அடிகள் காலமானார். சரியாக ஒன்பது மாசத்தில், 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைத்தார்கள். தொண்ணூத்தேழாயிரம் புத்தகம், ஓலைச்சுவடி எல்லாம் சாம்பல். அந்த நூலகத்துக்கு நிதி திரட்ட ஓடியாடினவர் அதே பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லாங் அடிகள், அயர்லாந்துக்காரர். அது எரிகிறதைப் பார்த்த தாவீது அடிகள் என்கிற தமிழறிஞர் மாரடைப்பில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். தனிநாயகம் அடிகள் அதைப் பார்க்காமல் போனார். அது ஒரு ஆறுதல் என்றால் ஆறுதல்.

போன மாசம் முருங்கை வித்து வாங்க வடக்கன்குளம் பக்கம் போயிருந்தேன். கடையில் ஒருத்தரிடம் கேட்டேன். "தனிநாயகமா? எந்தக் கடை அண்ணாச்சி?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. பிழைப்பைப் பார்க்கிற மனுஷன். நூறு வருஷம் கண்ட பள்ளிகளில் கலெக்டர் ஆனவர், பிஷப் ஆனவர் பெயரைப் பலகையில் எழுதிவைப்பார்கள். பள்ளியை விட்டுப் போனபிறகு ஒரு பண்டிதர் வீட்டுப் படியேறின பெயரை எந்தப் பலகையில் எழுதுவது?

இதை நான் எழுதக் காரணம் உங்கள் கடிதங்கள். பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான், தமிழ் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியவில்லை, இனி அவ்வளவுதானா என்று நிறைய பேர் வருத்தப்பட்டு எழுதுகிறீங்க. அவ்வளவுதான் என்று இல்லை. கும்பப்பூ பிந்தி நட்டாலும் தண்ணியும் ஆளும் சரியாக இருந்தால் விளையத்தான் செய்யும். இருபத்தேழு வயசில் தொடங்கினவர் உலகத்துக்கே தமிழ் சொன்னார். ஆனால் அவருக்கு ஒரு குருசாமி சுப்பிரமணிய ஐயர் கிடைத்தார். உங்க தெருவில், உங்க குடியிருப்பில், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவர் திண்ணையில் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். பிள்ளை தானாகக் கேட்கிற அன்றைக்கு அவர் வீடு எது என்று காட்டிக்கொடுக்க உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.