குழுப்பணிக்கு ஓர் அளவுகோல்

பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பேருந்துகளில் கோவை உக்கடத்தில் வந்திறங்கித் திருச்சி சாலை அரசு மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி, மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் எனப் பலர் கைபட்டே குணமடைகிறார். எனினும் கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற 1966ஆம் ஆண்டுக் காலத்தில், இத்தொழில்களைத் தனித்தனி வகுப்புகளில் பயிற்றுவிப்பதே வழக்கமாக இருந்தது.

சேர்ந்து பணிபுரிய வேண்டியோர் சேர்ந்தே பயில வேண்டும் என்னும் கருத்தை உலக சுகாதார நிறுவனம் 1988இல் அறிக்கையாக முன்வைத்தது. பல துறையினர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் இம்முறையைத் தொழிலிடைக் கல்வி என்பர். அதற்கு மாணவர் மனம் எவ்வளவு ஆயத்தமாக உள்ளது என்பதை அளக்க, பார்செல், பிளை என்னும் இருவர் 1999இல் 19 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். அவற்றுள் 9 குழுப்பணியையும் ஒத்துழைப்பையும், 7 தொழில் அடையாளத்தையும், 3 பங்கையும் பொறுப்பையும் பற்றியவை. ஒவ்வொரு கூற்றுக்கும் முழு மறுப்பு முதல் முழு உடன்பாடு வரை 5 படிகள் உண்டு. ஆதலால் குழுப்பணிப் பகுதியின் உச்ச மதிப்பெண் 45 ஆகும். ஆயினும் இது மனப்பாங்கை அளக்குமேயன்றி, நோயாளியின் படுக்கையருகே நிகழும் நடத்தையை அளக்காது.

இத்தகைய கல்வியைப் புகட்ட ஆசிரியர்களும் ஆயத்தமாக வேண்டும். மருத்துவ ஆசிரியர்களுக்குக் கல்வியியலில் பயிற்சியளிக்கும் ஃபைமர் என்னும் அமைப்பின் வட்டார நிலையம் 2007இல் பீளமேடு பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் அமைந்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமோ, மருத்துவருக்குரிய 5 பங்குகளுள் ஒன்றாக, நலக்குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் விளங்குவதைச் சேர்த்தது. இதனால் பண்பென்று மட்டும் போற்றப்பட்ட ஒத்துழைப்பு, பயிற்றுவித்து மதிப்பிடவேண்டிய திறனாயிற்று.