மின்வரிசைப்படுத்தல் (கம்பியில்லாத் தொகுதிகள்)

உட்பொதி பலகையில் செருகப்படும் வைஃபை, புளூடூத் தொகுதிகளுக்கு மின்னழுத்தம், கடிகாரத் துடிப்பு, மீட்டமைப்புக் குறிகை ஆகியவற்றை உரிய வரிசையிலும் இடைவெளியிலும் வழங்கும் முறை.

வகை: எஸ்டிஐஓ, பிசிஐ எக்ஸ்பிரஸ், யூஎஸ்பி, யூஏஆர்டி இணைப்புகள். எம்.2 செருகுவாய் 3.3 வோல்ட் வழங்குகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை, மின்சாரம் நிலைப்பட்டபின் குறைந்தது 100 மில்லிநொடி மீட்டமைப்பில் நிற்க வேண்டும்.

கண்டறிதல்: மின்சாரம் பெறாத தொகுதி தேடலுக்கு விடையளிக்காது, கண்டறியப்படாததற்கு இயக்கி ஏற்றப்படாது. எனவே பலகையின் வன்பொருளைப் பட்டியலிடும் சாதன மர விவரத்தைக் கொண்டு, தேடலுக்கு முன்பே மின்சாரம் தரப்படுகிறது. வைஃபையும் புளூடூத்தும் ஒரே மின்வழியைப் பகிர்ந்தால், அதைப் பயன்படுத்தும் இயக்கிகளின் எண்ணிக்கை சுழியான பின்னரே அது அணைக்கப்படும்.

வரலாறு: லினக்ஸ் கருவகத்தில் எஸ்டிஐஓ தொகுதிகளுக்கான வசதி 4.0 பதிப்பிலும் (2015), மின்வரிசைப்படுத்தலுக்கான பொதுத் துணையமைப்பு 6.11 பதிப்பிலும் (2024) இடம்பெற்றன.