பாதியில் நின்ற ஆட்டமும் பஸ்காலின் கணக்கும்

நிகழ்தகவு என்ற பாடம் இப்போது உயர்நிலைப் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. பேரப்பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று வரிசையாக வரும். “பள்ளிக்கூடத்தில் சூதாட்டமா சொல்லித் தருகிறார்கள்?” என்று நம் வயதுக்காரர்கள் கேட்பதுண்டு. உண்மையில் இந்தக் கணக்கு பிறந்ததே சூதாட்ட மேசையில்தான். பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாடமும் எளிதாகப் புரியும்.

முதலில் கேள்வியைப் பார்ப்போம். சம பலமுள்ள இருவர் ஆளுக்குச் சமமான பணம் வைத்து ஆடுகிறார்கள். யார் முதலில் மூன்று ஆட்டம் ஜெயிக்கிறாரோ அவருக்கே முழுப் பணமும். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று ஜெயித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

இத்தாலியில் லூக்கா பச்சோலி என்ற துறவி 1494-இல் அச்சிட்ட கணக்கு நூலில் இதைப் போன்ற ஒரு கணக்கைப் போட்டு, இதுவரை ஜெயித்த விகிதத்திலேயே பிரிக்கச் சொன்னார். அதன்படி இங்கே இரண்டுக்கு ஒன்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1556-இல் தர்த்தாலியா என்ற இன்னொரு இத்தாலியர் ஓர் ஓட்டையைக் காட்டினார். ஒருவர் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்து, மற்றவர் ஒன்றும் ஜெயிக்காத நிலையில் நிறுத்தினால் முதலாமவர் மொத்தப் பணத்தையும் அள்ளிக்கொண்டு போகலாமா? எப்படிப் பிரித்தாலும் வழக்குத்தான் வரும் என்பது அவருடைய முடிவு.

அவிழ்க்க ஆள் வந்தது 1654-இல். ஷெவாலியே தெ மெரே என்ற பெயரில் எழுதிவந்த அந்துவான் கொம்போ பாரிஸில் இந்தக் கேள்வியை பிளேஸ் பஸ்காலிடம் கொண்டுபோனார். தமிழ்ப் பாடப்புத்தகங்கள் பாஸ்கல் என்று எழுதுவது இவரைத்தான். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இவர் இலக்கிய வகுப்பிலும் வருவார், கணக்கு வகுப்பிலும் வருவார். வரி அதிகாரியாக இருந்த தன் தகப்பனாரின் கூட்டல் வேலையைக் குறைக்க இருபது வயதுக்குள்ளேயே கணக்கிடும் இயந்திரம் செய்யத் தொடங்கியவர். அப்போது அவருக்கு வயது 31. அவர் துலூஸ் நகரத்தில் நீதிமன்றப் பதவியில் இருந்த பியேர் தெ ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கோடைக்காலக் கடிதங்களில்தான் நிகழ்தகவுக் கணக்கு உருவானது.

பஸ்கால் வழி இது. ஆளுக்கு 32 பிஸ்தோல் (அந்தக் காலத்துப் பொன் நாணயம்), மொத்தம் 64. இன்னும் ஓர் ஆட்டம் ஆடியிருந்தால் என்ன ஆகும்? முன்னிலையில் இருப்பவர் ஜெயித்தால் 64-ம் அவருக்கு. தோற்றால் இரண்டுக்கு இரண்டு, ஆளுக்குப் பாதி. ஆகவே தோற்றாலும் 32 அவருக்கு உறுதி. மீதி 32 மட்டுமே சந்தேகத்தில் இருக்கிறது. அதில் இருவருக்கும் சம வாய்ப்பு, எனவே ஆளுக்கு 16. முதலாமவருக்கு 48, மற்றவருக்கு 16.

பச்சோலி முறைப்படி அவருக்குச் சுமார் 43-தான் கிடைத்திருக்கும். வித்தியாசம் எங்கே? பச்சோலி நடந்து முடிந்த ஆட்டங்களைப் பார்த்தார். பஸ்கால் நடக்கக்கூடிய ஆட்டங்களைப் பார்த்தார். இந்தக் கணக்கின் உயிரே அதுதான்.

ஃபெர்மா வேறு வழியில் போனார். அதிகம் போனால் இரண்டே ஆட்டத்தில் முடிவு தெரிந்துவிடும். அந்த இரண்டும் நான்கு விதமாக முடியலாம்: அ–அ, அ–ஆ, ஆ–அ, ஆ–ஆ. முன்னிலையில் இருக்கும் ‘அ’ மூன்றில் ஜெயிக்கிறார். 64-இல் நான்கில் மூன்று பங்கு 48. வழி வேறு, விடை ஒன்று.

“முதல் ஆட்டத்திலேயே அ ஜெயித்துவிட்டால் இரண்டாவது ஆட்டம் எதற்கு? மூன்று விதம்தானே?” என்று உங்களுக்குத் தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1754-இல், தலாம்பேர் என்ற பெரிய கணித மேதை பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் அப்படியே எழுதினார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ மூன்றில் இரண்டு வாய்ப்பு என்றார். சரியான விடை நான்கில் மூன்று. மூன்று விதம் என்று எண்ணலாம். ஆனால் மூன்றும் சம எடை உள்ளவை அல்ல. முதல் சுண்டலிலேயே தலை விழுவது பாதி. மற்ற இரண்டும் ஆளுக்குக் கால். சோழி உருட்டியவர்களுக்கு இது புரியும். குப்புற விழுவது, மல்லாந்து விழுவது என இரண்டு விதம் இருப்பதால் இரண்டும் சமம் ஆகிவிடாது. சோழியின் முதுகு உருண்டை, வாய்ப்பக்கம் தட்டை. பிள்ளைகளிடம் இரண்டு நாணயம் கொடுத்து நூறு முறை சுண்டச் சொல்லுங்கள். தலாம்பேர் சரியா, ஃபெர்மா சரியா என்று அவர்களே சொல்வார்கள்.

பிறகு இது புத்தகத்துக்கு வந்தது. டச்சுக்காரர் ஹைகன்ஸ் 1657-இல் இதற்கென முதல் அச்சு நூலை வெளியிட்டு, கடைசியில் ஐந்து பயிற்சிக் கணக்குகளும் கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் 1795-இல், ஆசிரியர்களை உருவாக்கப் பாரிஸில் திறந்த பள்ளியில் லப்லாஸ் இதைப் பாடமாகவே நடத்தினார். அந்தச் சொற்பொழிவை விரித்து 1814-இல் வெளியிட்ட நூலில் லாட்டரிப் பைத்தியத்தையும் எழுதினார். வெகுநாள் வராத எண் இனி வந்தே தீரும் என்று சனங்கள் அதன்மேல் பணத்தைக் குவித்தார்களாம். குலுக்கும் சக்கரத்துக்கு ஏது ஞாபகசக்தி? அந்த லாட்டரியில் 90 எண்களில் ஐந்தை எடுப்பார்கள். ஓர் எண்ணில் கட்டினால் வாய்ப்பு 18-இல் ஒன்று. ஜெயித்தால் கொடுத்ததோ 15 மடங்கு. மீதி அரசாங்கத்துக்கு. 1836-இல் அதை மூடினார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1671-இலேயே ஹாலந்தின் யான் தெ விட் இந்தக் கணக்கை ஆயுள்கால ஆண்டுத்தொகைக்குப் பயன்படுத்தினார். பென்ஷனில் ஒரு பகுதியைக் கம்யூட் செய்தவர்களுக்கு, வயதுக்கு ஓர் எண் போட்ட அட்டவணை நினைவிருக்கும். நாம் பார்த்த சர்வீஸ் பென்ஷன் தொகையில் வந்துவிடும். ஆனால் அந்த அட்டவணை சர்வீஸைப் பார்ப்பதில்லை. வயதை மட்டும் பார்க்கும், வயது ஏற ஏற எண் குறையும். இனி எத்தனை ஆட்டம் பாக்கி என்பதுதான் அதன் கேள்வி.