மூச்சு தந்த மாணவர்கள்

நகரில் கொள்ளை நோய் பரவினால் கல்லூரிகளை மூடி, மாணவரை ஊருக்கு அனுப்பிவிடுவதே நாம் அறிந்த வழக்கம். இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று, 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் நடந்தது.

அவ்வாண்டு கோடையில் அந்நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. ஸால்க்கின் தடுப்பூசி 1955இல்தான் வழக்கத்துக்கு வந்தது. அதுகாறும் மக்களுக்குக் காப்பு ஏதுமில்லை. மூச்சுத் தசைகள் செயலற்றுப் போனவர்களுக்கு உதவ, பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தவை இரும்பு நுரையீரல் ஒன்றும், மார்பின்மேல் கவசம்போல் பொருத்தும் கருவிகள் ஆறுமே. முதல் மூன்று வாரங்களில் இவற்றால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

தலைமை மருத்துவர் லாஸன், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்ஸனை ஆலோசனைக்கு அழைத்தார். ஆகஸ்டு 27ஆம் நாள், மரணத் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி, நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார் இப்ஸன். அறுவைக் கூடத்தில் அன்றாடம் கையாளப்பட்ட முறைதான் அது. சிறுமி பிழைத்தாள்.

வழி கிடைத்தது, கைகள் வேண்டுமே! பையை இரவும் பகலும் ஓயாமல் அமுக்க வேண்டும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். ஒரே சமயத்தில் 70 பேர் இந்நிலையில் கிடந்த நாட்களும் உண்டு. அப்போதுதான் மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். சுமார் 1,500 பேர் முறை வைத்து வந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் உழைத்தனர்.

அந்தப் படுக்கையருகே நாமே அமர்ந்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். நோயாளியின் முகத்தையும் மார்பின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்தே கையின் வேகத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். குழாய் செருகப்பட்டவருக்குப் பேச்சு எழாது, கண்ணசைவே மொழி. சிறுவர்களுக்கு மாணவர்கள் கதை படித்துக் காட்டினர். நேற்றுவரை பாடப் புத்தகத்தில் மட்டுமே நோயைக் கண்டிருந்தவர்கள், தம் கைப்பிடியிலேயே ஓர் உயிர் பிரிவதையும் காண நேர்ந்தது. மறுநாளும் அவர்கள் வந்தனர்.

இப்ஸனின் பெயரை மருத்துவ உலகம் மறக்கவில்லை, தகுதியான புகழே. எனினும் இம்மாணவர்கள் வந்திராவிடில், அவருடைய முறை அச்சிறுமி ஒருத்தியோடு நின்றிருக்கும் என்றே நாம் கருதுகிறோம். நூற்றுக்கு 87 என்றிருந்த சாவு, சில மாதங்களில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிற்று.

1953 டிசம்பரில், அந்நகரின் மற்றொரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைக்கெனத் தனிப் பகுதி ஒன்றை இப்ஸன் அமைத்தார். பையை அமுக்கும் வேலையை நாளடைவில் இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன.